ஓடும் வரிசையும் ஐந்து டாலர் கூலியும்

மோட்டார் யுகத்தின் வரலாறு – பகுதி 6

மோட்டார் வாகனத் தொழில் தன் முதல் இருபது ஆண்டுகளில் கைவினைத் தொழிலாகவே இருந்தது என்பதும், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெளிவந்த வண்டிகள் பெரும்பாலும் தேர்ந்த வினைஞர்களின் கைவேலையை நம்பியே உருவாயின என்பதும் முந்தைய பகுதிகளில் விளக்கப்பட்டன. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1908 முதல் 1914 வரையிலான ஆறே ஆண்டுகளில் அந்த நிலை அடியோடு மாறியது. அந்த மாற்றத்தின் இரு கூறுகள் நகரும் பொருத்து வரிசையும், ஐந்து டாலர் நாட்கூலியும் ஆகும். முன்னதைப் பொறியியலின் வெற்றி என்றும், பின்னதை ஒரு முதலாளியின் தாராள மனம் என்றும் பிரித்து எழுதும் வழக்கம் இன்றும் நீடிக்கிறது. ஆனால் நிகழ்ச்சிகளை நாள் முறைப்படி அடுக்கிப் பார்த்தால், வரிசை ஓடத் தொடங்கிய சில மாதங்களிலேயே ஆலை தன் ஆட்களைத் தக்கவைக்க முடியாமல் தடுமாறியதும், அந்தத் தடுமாற்றத்திலிருந்தே கூலி உயர்வு பிறந்ததும் தெளிவாகத் தெரியும்.

ஹென்றி ஃபோர்டு தொடங்கிய முதல் இரு நிறுவனங்களும் அவர் கையில் நிலைக்கவில்லை. 1903 ஜூனில் மூன்றாவதாகத் தொடங்கப்பட்ட ஃபோர்டு மோட்டார் கம்பெனி முதலில் பிற பட்டறைகளிலிருந்து என்ஜினையும் சக்கரத்தையும் உடற்கூட்டையும் வாங்கி, தன் கூடத்தில் பொருத்தி விற்கும் சிறு நிறுவனமாகவே இருந்தது. வண்டியின் அடிச்சட்டமாகிய சேசிஸ் ஓரிடத்தில் நிறுத்தி வைக்கப்பட, ஃபிட்டர்கள் அதைச் சுற்றி நின்று பாகங்களை ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். ஒரு பாகம் மற்றொன்றோடு சரியாகப் பொருந்தாதபோது அரத்தால் ராவி இழைத்துப் பொருத்துவது அன்றைய வழக்கம். பட்டறையின் காலத்தில் பெரும்பகுதி இந்த ராவும் வேலையிலேயே கழிந்தது என்பதையும், அந்த வேலையைத் தெரிந்தவர்களே பட்டறையில் மதிப்புக்குரியவர்களாக இருந்தார்கள் என்பதையும் மனத்தில் கொண்டால்தான் பின்னால் நேர்ந்ததன் முழு அளவும் விளங்கும்.

1908 அக்டோபரில் அறிமுகமான மாடல் டி என்ற வண்டி, செல்வர்களின் பொழுதுபோக்குக்காக வடிவமைக்கப்பட்டதன்று. அன்றைய அமெரிக்க மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கிராமப்புறத்தில் வாழ்ந்தார்கள். மழைக்காலத்தில் சேறாகிவிடும் அவர்களுடைய பாதைகளில் ஓடும்படி தரைக்கு உயரமாகத் தூக்கி அமைக்கப்பட்ட உடலும், எடை குறைந்து வலிமை மிகுந்த வனேடியம் எஃகும், ஒரே வார்ப்பாக வார்க்கப்பட்ட நான்கு சிலிண்டர்களைக் கொண்ட இருபது குதிரைத்திறன் என்ஜினும் அதன் சிறப்புகள். அதன் விலை ஏறத்தாழ 850 டாலர். அன்றைய வண்டிகளின் நடுவில் அது மலிவானதே ஆயினும், ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் ஃபோர்டு ஆலையின் குறைந்தபட்ச நாட்கூலி 2.34 டாலராகவே இருந்தது என்பதை நோக்கினால், அது ஒரு தொழிலாளியின் ஓராண்டு ஊதியத்துக்கும் மேல். 1909இல், இனி இந்த ஒரே மாதிரியை மட்டுமே செய்வது என்று ஃபோர்டு முடிவெடுத்தார். பின்னர் வந்த அனைத்துக்கும் இந்த முடிவே அடித்தளமாயிற்று. வடிவம் ஆண்டுதோறும் மாறாது என்ற உறுதி இருந்தால்தான் ஒரு துளையைப் போடுவதற்கென்றே ஒரு இயந்திரத்தை வடிவமைக்கவும், அந்தச் செலவைப் பல லட்சம் வண்டிகளின் மேல் பரப்பவும் முடியும்.

பெருமளவு உற்பத்தி என்ற கருத்து ஃபோர்டிடம் வெற்றிடத்தில் தோன்றியதன்று. ஒரு பொருளின் பாகங்களை ஒன்றுக்கொன்று இம்மியும் வேறுபடாமல் செய்துவிட்டால், எந்தப் பாகத்தையும் எந்தப் பொருளிலும் ராவாமல் பொருத்தலாம் என்ற கொள்கைக்கு மாற்றிப் பொருத்தும் பாகங்களின் முறை என்று பெயர். அமெரிக்க அரசின் துப்பாக்கித் தொழிற்சாலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரும்பாடுபட்டு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அங்கிருந்து தையல் இயந்திரத் தொழிலுக்கும், பின்னர் மிதிவண்டித் தொழிலுக்கும் அது பரவியது. மோட்டார் துறையில் அந்த முறையின் வலிமையை உலகுக்குக் காட்டியவர் கேடிலாக் நிறுவனத்தின் ஹென்றி லேலண்ட். 1908இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மூன்று கேடிலாக் வண்டிகள் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றப்பட்டு, பாகங்கள் ஒன்றோடொன்று கலக்கப்பட்டு, ஸ்பேனரும் திருப்புளியும் மட்டுமே கொண்டு மீண்டும் பொருத்தப்பட்டன. அவை 500 மைல் தடையின்றி ஓடிக் காட்டின. மலிவான வண்டியைப் பெரிய எண்ணிக்கையில் செய்து விற்கலாம் என்பதை அதற்கும் முன்பே ரான்சம் ஓல்ட்ஸ் காட்டியிருந்தார். 1901இல் சில நூறாக இருந்த அவருடைய ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளின் உற்பத்தி 1904இல் ஐயாயிரத்தை எட்டியது. நுட்பத்துக்கு லேலண்டும் எண்ணிக்கைக்கு ஓல்ட்ஸும் முன்னோடிகள். இரண்டையும் ஒரே ஆலையில் ஒரே நேரத்தில் கூட்டிச் சேர்த்ததே ஃபோர்டு நிறுவனத்தின் பங்களிப்பு.

அந்தக் கூட்டலைச் செய்தவர் ஃபோர்டு ஒருவரே என்று சொல்வது பொருந்தாது. வால்டர் ஃபிளாண்டர்ஸ் என்ற இயந்திர வல்லுநர் 1906 முதல் 1908 வரை அங்கே பணியாற்றியபோது, கடைசல் இயந்திரங்களை ஓரிடத்திலும் துளையிடும் இயந்திரங்களை வேறோரிடத்திலும் கூட்டி வைக்கும் பழைய முறையை விட்டு, ஒரு பாகம் எந்த வரிசையில் வேலை செய்யப்படுகிறதோ அந்த வரிசையிலேயே இயந்திரங்களை நிறுத்தும் முறையைப் புகுத்தினார். 1910இன் தொடக்கத்தில் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் திறக்கப்பட்ட புதிய ஆலை இதற்கு ஏற்ற இடத்தைத் தந்தது. கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் கான் வடிவமைத்த அந்த நான்கு மாடிக் கட்டடம் இரும்புக் கம்பி பதித்த கான்கிரீட்டால் ஆனது. சுவர்களின் பெரும்பகுதி கண்ணாடியாக இருந்ததால் கூடத்தின் நடுவரையிலும் பகல் வெளிச்சம் பாய்ந்தது. சார்லஸ் சோரன்சன், பீட்டர் மார்ட்டின், கிளாரன்ஸ் ஏவரி, வில்லியம் கிளான் முதலியோர் இந்த ஆலையில் நாள்தோறும் புதிய ஏற்பாடுகளைச் சோதித்துப் பார்த்தார்கள். சிகாகோவின் இறைச்சிக் கூடங்களில், தொங்கும் சங்கிலியில் நகர்ந்து வரும் உடலிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு துண்டை மட்டும் அறுத்தெடுக்கும் முறையைத் தாம் பார்த்து வந்து அதை மேலிடத்துக்கு எடுத்துச் சொன்னதாகக் கிளான் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். பெருமை யாருக்கு என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. பலரும் பல மூலைகளில் செய்த சோதனைகள் ஒரே திசையில் குவிந்தன என்பதே சான்றுகளோடு ஒத்துப்போகும் முடிவு.

முதல் சோதனை என்ஜினின் ஒரு சிறு உறுப்பில் நடந்தது. என்ஜினில் எரிபொருளைப் பற்றவைக்கும் மின்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்குவது மேக்னெட்டோ என்ற உறுப்பு. மாடல் டியில் அது ஃபிளைவீல் எனப்படும் கனத்த சுழல்சக்கரத்தோடு இணைந்திருந்தது. பதினாறு காந்தங்களை அந்தச் சக்கரத்தில் வட்டமாகப் பொருத்தி முடுக்க வேண்டும். ஒரு தொழிலாளி தன் மேசையில் அமர்ந்து முழு உறுப்பையும் தானே பொருத்தி முடிக்க ஏறத்தாழ இருபது நிமிடம் பிடித்தது. 1913 ஏப்ரல் முதல் நாள், மேசைகள் அகற்றப்பட்டு, இடுப்பளவு உயரத்தில் ஒரு நீண்ட தட்டு அமைக்கப்பட்டது. அதன் ஓரத்தில் 29 பேர் நிறுத்தப்பட்டு, வேலை 29 கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒருவர் ஒரு காந்தத்தை வைப்பார், அல்லது ஒரு திருகாணியை இறுக்குவார்; இறுக்கியதும் சக்கரத்தை அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். ஒன்பது மணி நேரத்தில் 1,188 மேக்னெட்டோக்கள் முடிந்தன. உழைப்பின் கணக்கில் ஒன்றுக்கு 13 நிமிடம் 10 வினாடி. குனிந்து வேலை செய்ததில் முதுகு வலிக்கிறது என்று தொழிலாளர்கள் முறையிட்டதை அடுத்துத் தட்டு சில அங்குலம் உயர்த்தப்பட்டபோது நேரம் மேலும் குறைந்தது. சிலர் விரைவாகவும் சிலர் மெதுவாகவும் தள்ளியதால் வரிசை ஓரிடத்தில் தேங்கி மற்றோரிடத்தில் காய்ந்தது. அதற்கு மாற்றாகச் சங்கிலி பூட்டி, தட்டையே ஒரே சீரான வேகத்தில் ஓடவிட்டார்கள். ஓராண்டுக்குள் 14 பேரே எட்டு மணி நேரத்தில் 1,335 மேக்னெட்டோக்களை முடித்தார்கள். ஒன்றுக்கு ஐந்து நிமிடம்.

இந்தச் சங்கிலி பூட்டப்பட்ட கணத்தில் நேர்ந்த மாறுதல் நேரக் கணக்கைவிடப் பெரியது. அதுவரை வேலையின் வேகத்தை, மேஸ்திரியின் அதட்டலுக்கு இடையிலும், ஓரளவுக்குத் தொழிலாளியின் கையே தீர்மானித்தது. சங்கிலி ஓடத் தொடங்கிய பின் வேகம் கைக்கு வெளியே போயிற்று. அதை நிர்ணயிப்பவர் வரிசையில் நிற்பவர் அல்லர், சங்கிலியின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதிகாரம் பெற்றவர்.

மேக்னெட்டோவில் கற்ற பாடம் என்ஜினுக்குச் சென்றது; அங்கே ஒருவர் 594 நிமிடத்தில் முடித்த பொருத்துவேலை, பலர் நின்ற வரிசையில் 226 நிமிட உழைப்பாகக் குறைந்தது. பின்னர் முழுச் சேசிஸுக்கே அம்முறை விரிந்தது. 1913 ஆகஸ்டில், சேசிஸ் அசையாமல் நிற்க ஆட்கள் அதை நாடி வரும் பழைய முறையில், ஒரு சேசிஸுக்கு 12 மணி 28 நிமிட உழைப்பு தேவைப்பட்டது. முதலில் கயிறும் சுழலுருளையும் கொண்டு சேசிஸைக் கூடத்தின் நீளத்துக்கு இழுத்துச் சென்று, வழியில் அடுக்கி வைக்கப்பட்ட பாகங்களை உடன் நடந்து வந்த ஆறு பேர் எடுத்துப் பொருத்தினார்கள். இந்த எளிய ஏற்பாட்டிலேயே உழைப்பு 5 மணி 50 நிமிடமாகக் குறைந்தது. அக்டோபர் 7ஆம் நாள், 150 அடி நீள வரிசையில் 140 பேர் தத்தம் இடத்திலேயே நின்று வேலை செய்தபோது அது 2 மணி 57 நிமிடம். டிசம்பரில் வரிசை 300 அடியாக நீண்டது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சங்கிலி வந்தது. 1914 ஏப்ரல் இறுதியில் மூன்று வரிசைகளிலுமாக எட்டு மணி நேரத்தில் 1,212 சேசிஸ்கள் முடிந்தன. ஒன்றுக்கு 1 மணி 33 நிமிடம். எட்டே மாதத்தில் உழைப்பு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கியது. தொழில் வரலாற்றில் இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு ஒப்பாகச் சொல்லத்தக்க நிகழ்வுகள் மிகச் சில.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். நகரும் வரிசையைப் பார்க்க வந்தவர்கள் சங்கிலியையே வியந்து நின்றார்கள். ஆனால் அதை ஓட விட்டது அதற்குப் பின்னால் இருந்த இயந்திரக் கூடம். ஒரு பாகம் அரை நூல் பிசகியிருந்தாலும் வரிசையில் நிற்பவர் அரத்தை எடுக்க வேண்டும். அவர் அரத்தை எடுத்தால் வரிசை முழுவதும் நிற்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் ஒரே நிலையில் பிடித்துக்கொள்ளும் பிடிப்புச் சட்டங்களும், ஒரே அழுத்தில் பல துளைகளையிடும் தனி இயந்திரங்களும், அளவு சரிபார்க்கும் கருவிகளும் முன்பே செம்மைப்பட்டிருக்க வேண்டியிருந்தது. ஒரு பாகம் இயந்திரத்தில் சரியாக அமர்கிறதா என்று பார்க்கும் திறமை, வேலையாளின் கண்ணிலிருந்தும் கையிலிருந்தும் எடுக்கப்பட்டு இயந்திரத்தின் வடிவத்துக்குள் வைக்கப்பட்டுவிட்டது. அந்த வடிவத்தைச் செய்யும் கருவி வினைஞர்கள் முன்னைவிட அதிகமாகத் தேவைப்பட்டார்கள், அவர்கள் நன்றாகவே வாழ்ந்தார்கள். பொருத்தும் ஃபிட்டரின் கைத்திறனுக்கோ ஆலையில் இடமில்லாமற் போயிற்று.

அந்த இடத்தில் வந்து நின்றவர்கள் பெரும்பாலும் போலந்து, ரஷ்யா, ருமேனியா, இத்தாலி, ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் சிற்றூர்கள் ஆகியவற்றிலிருந்து அண்மையில் வந்திறங்கிய உழவர் மக்கள். 1914இல் ஃபோர்டு தொழிலாளர்களில் பத்தில் ஏழு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஆங்கிலம் அறியாதோர் அவர்களில் ஏராளம். வேலையைக் கற்க மொழியும் தேவைப்படவில்லை, நீண்ட பயிற்சியும் தேவைப்படவில்லை. சில நாள்களில், சில இடங்களில் சில மணி நேரத்திலேயே, கற்றுக்கொள்ளலாம். கற்பது எவ்வளவு எளிதோ விட்டுப் போவதும் அவ்வளவு எளிது என்பதை நிர்வாகம் முதலில் எண்ணிப் பார்க்கவில்லை.

1913ஆம் ஆண்டு முழுவதும் ஆட்கள் வந்த வண்ணமும் போன வண்ணமும் இருந்தார்கள். ஓர் ஆண்டில் வேலையை விட்டு நீங்குவோரின் எண்ணிக்கையைச் சராசரி ஆட்பலத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது பணிவிலகல் விகிதம் எனப்படும். ஃபோர்டு ஆலையில் அது அவ்வாண்டு 370 விழுக்காடு. ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் வைத்திருப்பதற்காக ஓராண்டில் 52,000க்கும் மேற்பட்டோரைச் சேர்க்க வேண்டியிருந்தது. எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் பத்தில் ஒருவர் வேலைக்கு வரவில்லை. ஆண்டின் இறுதியில், மூன்றாண்டுகளுக்கு மேல் பணியாற்றியோருக்குப் பத்து விழுக்காடு போனஸ் தர நிறுவனம் எண்ணியபோது, ஏறத்தாழ 15,000 பேரில் 640 பேரே அதற்குத் தகுதி பெற்றிருந்தார்கள். பழைய பட்டறையில் ஒருவர் வராவிட்டால் அவர் மேசையில் மட்டுமே வேலை நிற்கும். ஓடும் வரிசையில் ஒருவரின் இடம் காலியாக இருந்தால் அவருக்குப் பின்னால் நிற்கும் அனைவரும் கைகட்டி நிற்க வேண்டும். ஆலை எந்த அளவுக்கு நுட்பமாகப் பின்னப்பட்டதோ அந்த அளவுக்கு அது தன் தொழிலாளியின் வருகையை நம்பி நிற்க வேண்டியதாயிற்று.

வேறோர் அச்சமும் இருந்தது. உலகத் தொழில்துறைத் தொழிலாளர்கள் என்ற தீவிரத் தொழிற்சங்க அமைப்பு 1913 கோடையில் டெட்ராய்ட்டில் முனைந்து செயல்பட்டது. ஜூன் மாதம் ஸ்டூட்பேக்கர் மோட்டார் ஆலையில் அதன் தலைமையில் வேலைநிறுத்தம் நடந்தது. அது சில நாள்களில் முடிந்ததாயினும், வாயிலுக்கு வெளியே கூட்டம் கூடுவதை ஃபோர்டு நிர்வாகம் கவலையோடு கவனித்தது. ஆட்கள் பிரிவின் பொறுப்பிலிருந்த ஜான் லீ நிலைமையை ஆராய்ந்து, 1913 அக்டோபரில் சில சீர்திருத்தங்களைக் கொண்டுவந்தார். கண்டபடி சிதறிக் கிடந்த கூலி விகிதங்கள் திறமைக்கேற்ற சில படிகளாக ஒழுங்குபடுத்தப்பட்டன. கூலி சராசரியாக 13 விழுக்காடு உயர்ந்து, குறைந்தபட்சம் 2.34 டாலர் ஆயிற்று. ஃபோர்மேன் தன் விருப்பப்படி ஒருவரை வெளியேற்றும் அதிகாரம் பறிக்கப்பட்டது. தொழிலாளர்களுக்கென ஒரு சேமிப்புக் கடன் சங்கமும் ஏற்பட்டது. சேசிஸ் வரிசை முதன்முதலில் ஒழுங்காக ஓடியதும் இதே அக்டோபரில்தான் என்பது தற்செயலன்று.

1914 ஜனவரி 5ஆம் நாள், ஃபோர்டும், நிறுவனத்தின் பொருளாளர் ஜேம்ஸ் கசன்ஸும் செய்தியாளர்களை அழைத்தனர். ஃபோர்டு பேசாமல் நிற்க, கசன்ஸ் அறிக்கையை வாசித்தார். ஒன்பது மணி நேர வேலைநாள் எட்டு மணி நேரமாகக் குறையும். ஆலை இரண்டு ஷிப்டுகளுக்கு மாற்றாக மூன்று ஷிப்டுகளில் இயங்கும். தகுதி பெற்றோரின் குறைந்தபட்ச நாள் வருமானம் ஐந்து டாலராக இருக்கும். இதற்கு ஓராண்டுக்கு ஒரு கோடி டாலர் செலவாகும் என்று மதிப்பிடப்பட்டது. மறுநாள் விடியும் முன்பே ஹைலண்ட் பார்க் வாயிலில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். பிற மாநிலங்களிலிருந்தும் ரயிலேறி வந்த வேலையற்றோர் உறைபனியில் நாள்கணக்காகக் காத்து நின்றார்கள். புதிய கூலி நடைமுறைக்கு வந்த ஜனவரி 12ஆம் நாள், உள்ளே செல்லவேண்டிய தொழிலாளர்களுக்கு வழி கிடைக்காத அளவுக்கு நெரிசல் முற்றியபோது, தீயணைப்புக் குழாய்களால் அந்தக் கூட்டத்தின் மேல் தண்ணீர் பாய்ச்சப்பட்டது. உறைநிலைக்குக் கீழான குளிரில் வேலை தேடி வந்தவர்களை ஈர உடையோடு விரட்டிய அந்தச் செயல், அறிவிப்புக்குக் கிடைத்த புகழுரைகளின் நடுவே பலராலும் மறக்கப்பட்டது, மறக்கத்தக்கதன்று.

முதலாளிகள் வட்டாரம் கொதித்தது. சந்தையில் நிலவும் கூலியைப் போல் இருமடங்கைத் தருவது தொழில் ஒழுங்கைக் குலைக்கும் என்றும், அறநெறியைத் தவறான இடத்தில் புகுத்துவது என்றும் நியூயார்க்கின் நிதித்துறை நாளேடுகள் எழுதின. டெட்ராய்ட்டின் பிற ஆலைகள் தங்கள் நல்ல ஆட்களை இழக்க நேரும் என அஞ்சின. பத்திரிகைத் தலைப்புகளோ ஃபோர்டை ஒரே வாரத்தில் உலகறிந்த மனிதராக்கின.

ஐந்து டாலர் என்பது முழுவதும் கூலியன்று என்ற உண்மையைத் தலைப்புகள் சொல்லவில்லை. அடிமட்டத் தொழிலாளியின் கூலி முன்போலவே 2.34 டாலர், எஞ்சிய 2.66 டாலர் இலாபப் பங்கு. கூலி உழைப்புக்கு உரியது. இலாபப் பங்கோ தகுதிக்கு உரியது, அந்தத் தகுதியை நிர்ணயிப்பது நிறுவனம். ஆறு மாதப் பணி முடித்திருக்க வேண்டும். குடும்பத்தோடு வாழும் மணமான ஆண்கள், இருபத்திரண்டு வயது கடந்து சிக்கனமாக வாழும் மணமாகாத ஆண்கள், உறவினரைத் தாங்கி வாழும் இளைஞர்கள் ஆகியோரே தகுதி உடையோர். ஆலையில் பணியாற்றிய பெண்களுக்கு முதலில் இந்தப் பங்கு இல்லை. 1916இல்தான் அவர்கள் சேர்க்கப்பட்டார்கள்.

தகுதியைச் சரிபார்க்கச் சமூகவியல் துறை என்ற பெயரில் ஒரு பிரிவு நிறுவப்பட்டது. முதலில் ஜான் லீயும், 1915இன் பிற்பகுதியிலிருந்து சாமுவேல் மார்க்விஸ் என்ற பாதிரியாரும் அதை நடத்தினார்கள். அதன் விசாரணையாளர்கள் மொழிபெயர்ப்பாளரோடு தொழிலாளியின் வீட்டுக்குச் சென்று, திருமணச் சான்றையும் சேமிப்புக் கணக்கையும் பார்த்தார்கள். குடிப்பழக்கம் உண்டா, வீடு தூய்மையாக உள்ளதா, வாடகைக்கு ஆட்களை உடன் தங்க வைத்திருக்கிறார்களா, ஊருக்கு எவ்வளவு பணம் அனுப்புகிறார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். அண்டை வீட்டாரையும் விசாரித்தார்கள். குறை காணப்பட்டால் இலாபப் பங்கு நிறுத்தி வைக்கப்படும். விரைவில் திருந்தினால் முழுத் தொகையும், தாமதித்துத் திருந்தினால் ஒரு பகுதியும் திரும்பக் கிடைக்கும். ஆறு மாதத்திலும் திருந்தாதவர் வேலையை இழப்பார். புலம்பெயர்ந்தோருக்கென ஃபோர்டு ஆங்கிலப் பள்ளி 1914இல் தொடங்கப்பட்டது. அதன் பட்டமளிப்பு விழாவில், தத்தம் நாட்டு உடையணிந்து வந்த மாணவர்கள் மேடையில் வைக்கப்பட்ட பெருங்கொப்பரைக்குள் இறங்கி, அமெரிக்க உடையும் கையில் கொடியுமாக மறுபுறம் ஏறி வருவார்கள். இந்தக் காட்சியை உருவாக்கியவர்கள் அதை மனமார நம்பினார்கள் என்பதில் ஐயமில்லை. அதே 1914 ஜனவரியில், பழைய நாட்காட்டிப்படி பதின்மூன்று நாள் தள்ளி வரும் தங்கள் கிறிஸ்துமஸைக் கொண்டாட விடுப்பெடுத்த எண்ணூறு முதல் தொள்ளாயிரம் கிரேக்க, ரஷ்யத் தொழிலாளர்கள் ஒரே அடியாக வெளியேற்றப்பட்டார்கள் என்பதிலும் ஐயமில்லை.

ஆயினும் இந்தத் திட்டத்தை வெறும் வேவுபார்த்தலாக மட்டும் மதிப்பிடுவது நேர்மையாகாது. ஒரே அறையில் பலர் முறைவைத்து உறங்கிய விடுதிகளிலிருந்து குடும்பங்கள் தனி வீடுகளுக்குப் பெயர்ந்தன, சேமிப்பு வளர்ந்தது, வீட்டுமனை விற்பவர்களின் ஏமாற்றிலிருந்து தொழிலாளிகளைக் காக்க அந்தத் துறையின் வழக்கறிஞர்கள் உதவினார்கள். பணம் மெய்யானது. அந்தப் பணத்துக்குச் செலுத்தப்பட்ட விலையும் மெய்யானது. ஒரு தொழிலாளியின் மனைவி அறிவிப்பு வந்த அதே மாதம் பெயர் குறிப்பிடாமல் ஃபோர்டுக்கு எழுதிய கடிதம் ஆவணங்களில் உள்ளது. கணவர் வீடு திரும்பியதும் இரவுணவையும் உண்ணாமல் சோர்ந்து விழுந்துவிடுவதையும், அந்தச் சங்கிலி முறை மனிதரை அடிமைபோல் விரட்டுவதையும் அவர் முறையிடுகிறார். ஐந்து டாலர் பெரும் வரம்தான், ஆனால் அதை அவர்கள் உழைத்தே பெறுகிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஐந்து டாலர் நாளைப் பற்றி அறிஞர்கள் எழுதிய பல நூறு பக்கங்களில் இதைவிடத் துல்லியமான மதிப்பீட்டைக் காண்பது அரிது.

விளைவுகள் உடனே தெரிந்தன. 1913இல் 370 விழுக்காடாக இருந்த பணிவிலகல் விகிதம் 1914இல் 54 ஆகவும், 1915இல் 16 ஆகவும் வீழ்ந்தது. வேலைக்கு வராமை ஏறக்குறைய மறைந்தே போயிற்று. வாயிலுக்கு வெளியே எப்போதும் ஆயிரம் பேர் காத்திருக்கும்போது, சங்கிலியின் வேகத்தை எதிர்ப்பவர் யாரும் இல்லை. 1914இல் ஃபோர்டு ஆலை ஏறத்தாழ 13,000 தொழிலாளர்களைக் கொண்டு, அமெரிக்காவின் மற்ற மோட்டார் நிறுவனங்கள் அனைத்தும் சேர்ந்து 66,000க்கு மேற்பட்டோரைக் கொண்டு செய்த வண்டிகளின் எண்ணிக்கையை ஏறக்குறைய எட்டிப்பிடித்தது. 850 டாலரில் தொடங்கிய விலை 1916 ஆகஸ்டில் 360 டாலருக்கு இறங்கியது. விலை குறைந்தும் கூலி உயர்ந்தும் இலாபம் வளர்ந்தது. அன்றைய சந்தையின் வழமையான அறிவுக்கு அது புதிராகத் தோன்றியிருக்கலாம். ஆட்களை ஓயாமல் சேர்த்து ஓயாமல் இழக்கும் செலவையும், நின்று நின்று ஓடும் வரிசையின் நட்டத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் புதிர் இல்லை. சந்தைக் கூலிக்கு மேல் தருவதால் தொழிலாளியின் ஈடுபாடும் நிலைப்பும் உயர்ந்து, கூடுதல் செலவு மீண்டுவரும் என்ற கருத்தைப் பிற்காலப் பொருளியலாளர்கள் செயல்திறன் கூலி என்று அழைத்தனர். அதற்கு அவர்கள் காட்டும் முதன்மையான எடுத்துக்காட்டு இந்த ஆலையே. 1922இல் வெளியான தம் நூலில் ஃபோர்டும், தாம் செய்த செலவுக் குறைப்பு நடவடிக்கைகளில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகவே ஐந்து டாலர் நாளைக் குறிப்பிட்டார்.

தம் தொழிலாளர்களே தம் வண்டியை வாங்க வேண்டும் என்பதற்காகவே ஃபோர்டு கூலியை உயர்த்தினார் என்ற விளக்கம் பாடநூல்கள்வரை பரவியுள்ளது. உயர்ந்த கூலி வாங்கும் சக்தியை வளர்க்கும் என்ற கொள்கையை ஃபோர்டு பிற்காலத்தில் மிகுதியாகப் பேசினார் என்பது உண்மை. ஆனால் 1914இன் முடிவுக்கு அது காரணமாக இருந்திருக்க இயலாது. ஆலையின் தொழிலாளர் ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு வண்டி வாங்கியிருந்தாலும், அவ்வாண்டின் ஒரு மாத உற்பத்திகூடத் தீர்ந்திராது. மாடல் டியை வாங்கியோரில் மிகப் பெரும்பாலோர் உழவர்கள், சிறு வணிகர்கள், நாட்டுப்புற மருத்துவர்கள் முதலியோர். ஆலைக்குள்ளே இருந்த நெருக்கடியை விட்டுவிட்டு வெளியே இருந்த சந்தையில் காரணம் தேடும் இந்த விளக்கம், தொழிலாளர்கள் ஆயிரமாயிரமாக வெளியேறியே அந்தக் கூலியை வரவழைத்தார்கள் என்ற செய்தியை மறைத்துவிடுகிறது. சங்கம் இல்லாமலும் தலைவர் இல்லாமலும் அவர்கள் நடத்திய மறுப்பு அது.

நகரம் உருமாறியது. ஹைலண்ட் பார்க் 1910இல் நாலாயிரம் பேர் வாழ்ந்த ஊர். 1920இல் அதன் மக்கள்தொகை 46,000ஐத் தாண்டியது. அதே பத்தாண்டில் டெட்ராய்ட் 4.65 லட்சத்திலிருந்து 9.93 லட்சத்துக்கு வளர்ந்தது. போட்டி நிறுவனங்கள் ஓரிரு ஆண்டுகளுக்குள் நகரும் வரிசையை மேற்கொண்டன. மேற்கொள்ள இயலாதவை மறைந்தன. 1908இல் அமெரிக்காவில் 253 ஆக இருந்த மோட்டார் நிறுவனங்கள் 1929இல் 44 ஆகச் சுருங்கின. ஐரோப்பாவில் மான்செஸ்டர் அருகே ஃபோர்டு நடத்திய டிராஃபோர்டு பார்க் ஆலைக்கு வரிசை 1914இலேயே சென்றது. போருக்குப் பின் பாரிஸில் ஆந்த்ரே சிட்ரோயன் அதைப் பின்பற்றினார். ஆனால் வரிசையை ஆர்வத்தோடு ஏற்ற ஐரோப்பிய முதலாளிகள் அதோடு பிறந்த கூலி உயர்வை அதே ஆர்வத்தோடு ஏற்கவில்லை.

டெட்ராய்ட்டிலேயே அந்தக் கூலி நெடுநாள் தன் மதிப்பைக் காக்கவில்லை. முதல் உலகப் போர் தொடங்கியபின் விலைவாசி ஏறிக்கொண்டே போனது. 1920இல் அது 1914இன் நிலையைப் போல் இருமடங்கு. 1919 ஜனவரியில் ஃபோர்டு நாள் வருமானத்தை ஆறு டாலராக உயர்த்தினார். ஆயினும் 1920இல் அந்த ஆறு டாலர் வாங்கியது 1914இன் மூன்று டாலர் பெறுமானமுள்ள பொருளையே. அதற்குள் மற்ற ஆலைகளின் கூலியும் ஏறிவிட்டதால், ஹைலண்ட் பார்க் வாயிலின் தனிச் சிறப்பு மறைந்தது. போருக்குப் பிந்தைய மந்தத்தில் செலவைச் சுருக்கிய நிறுவனம் 1921இல் சமூகவியல் துறையை மூடியது. மார்க்விஸ் மனமுடைந்து வெளியேறினார். வீட்டுக்கு வந்து அறிவுரை சொன்ன விசாரணையாளர்களின் இடத்தை, ஆலைக்குள் கண்காணிக்கும் காவற்படை பிடித்துக்கொண்டது. சங்கிலியின் வேகம் மட்டும் குறையவில்லை. அந்த வேகத்தைப் பற்றி நிர்வாகத்தோடு பேசும் உரிமையை, தங்கள் சங்கத்தின் வழியாக எழுத்து மூல ஒப்பந்தத்தில் பெறுவதற்கு ஃபோர்டு தொழிலாளர்கள் 1941 ஜூன் வரை போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டமும், அது நடந்த ரூஜ் ஆற்றங்கரை ஆலையின் வரலாறும் அடுத்த பகுதியில் வரும்.